முகம் பார்த்து எழுதும் முதல் சொல்: பங்கேற்பு உருவப்படக் கலை என்றால் என்ன?

சுவரில் வரிசையாக முகங்கள். பெயர், ஊர், தொழில் எதுவும் போட்டிருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பெட்டி, பக்கத்தில் சீட்டும் பென்சிலும். "பார்த்ததும் தோன்றுவதை எழுதிப் போடுங்கள், யோசிக்க வேண்டாம்" என்று ஓர் அட்டை. அடுத்த அறைக்குப் போனால், படத்தில் இருப்பவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது இருக்கும். உங்கள் சீட்டும் அதன் பக்கத்தில் வந்து சேரும்.

பங்கேற்பு உருவப்படக் கலை எனப்படும் இப்படிப்பட்ட படைப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். "நம்மையெல்லாம் மோசமானவர்கள் என்று நிரூபிக்க வைத்த பொறி" என்பது ஒன்று. "ஆளைப் பார்த்து எடைபோடாதே என்று சின்ன வயதிலேயே கேட்டதுதானே, இதில் என்ன கலை?" என்பது இன்னொன்று. முதலாவதில் கோபம், இரண்டாவதில் அலுப்பு. படைப்பு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை இரண்டு பேருமே பார்க்கத் தவறுகிறார்கள். ஒரு முகத்தைப் பார்க்கும்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் அந்தச் சீட்டும் பென்சிலும் எதற்கு என்று புரியும். அதனால் கலையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குகிறேன்.

## பாதி எழுத்திலேயே முழுச் சொல்

கைபேசியில் ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மீதியை அதுவே எழுதிக் காட்டுகிறது. நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. இதுவரை எது அதிகம் வந்ததோ அதை முன்னால் வைக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். அவசரத்தில் பார்க்காமல் தொட்டால்தான் வம்பு. நாம் நினைக்காத சொல் நம் பெயரில் போய்ச் சேர்ந்துவிடும்.

முகத்தைப் பார்த்ததும் எழும் எண்ணமும் கிட்டத்தட்ட இதே வகை. இதை 'உடனடித் தீர்ப்பு' என்று வைத்துக்கொள்வோம்: போதிய தகவல் கிடைக்கும் முன்பே, யோசனை தொடங்கும் முன்பே, ஒருவரைப் பற்றி மனம் எடுத்துவிடுகிற முடிவு.

எவ்வளவு வேகமாக? 2006-ல் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் தோடோரோவ் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவரை நம்பலாமா, திறமைசாலியா, முரடரா என்றெல்லாம் கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் அதே முகங்களைப் பார்த்தவர்களின் பதில்களும் கையில் இருந்தன. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தன் தீர்ப்பு சரி என்ற நம்பிக்கைதான் ஏறியது.

எனக்கு இந்த ஆய்வில் வேகத்தைவிட அந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமாகப் படுகிறது. நின்று நிதானமாகப் பார்த்தால் சரியாகப் பார்த்துவிடுவோம் என்று நாம் நம்புகிறோம். ஆனால் அந்த நிதானமெல்லாம் முதலில் தோன்றியதற்குக் காரணம் தேடுவதிலேயே செலவாகிவிடலாம்.

## பத்துப் பேருக்கும் அப்படித் தோன்றினால்?

பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்தால், ஒரே முகத்துக்குப் பலர் ஒரே மாதிரி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். "இத்தனை பேருக்குத் தோன்றுகிறது என்றால் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?" என்ற கேள்வி உடனே வரும். நிறையப் பேர் வழுக்குகிற இடம் இது. ஒத்த கருத்து வேறு, சரியான கருத்து வேறு. எல்லோருடைய கைபேசியும் ஒரே சொல்லை முன்னால் வைத்தால், எல்லாக் கைபேசிகளும் ஒரே மாதிரிப் பழகியிருக்கின்றன என்றுதான் அர்த்தம்.

சரி, எல்லோரும் ஏன் ஒரே மாதிரிப் பழகியிருக்கிறோம்? 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். பளிங்கு தன் அருகில் இருப்பதைக் காட்டுவது போல, நெஞ்சில் மிகுந்திருப்பதை முகம் காட்டும் என்கிறது குறள். குறிப்பறிதல் அதிகாரத்தில் வருகிறது அது. அங்கே பேசப்படுவது கோபம், மகிழ்ச்சி போல அந்த நேரத்து உணர்ச்சி. அது முகத்தில் தெரியத்தான் செய்யும். ஒருவர் நேர்மையானவரா, சோம்பேறியா, கெட்டிக்காரரா என்கிற நீடித்த குணம் அப்படித் தெரிவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினையின் வேர்.

உணர்ச்சியைப் படிக்கும் திறமை நமக்கு அவசியமானது. எதிரில் வருகிறவர் கோபமாக வருகிறாரா என்று உடனே தெரிந்தாக வேண்டும். அந்தத் திறமை எல்லை தாண்டி வேலை செய்கிறது. இயல்பாகவே புருவம் தாழ்ந்து, உதட்டோரம் கீழிறங்கிய முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தக் கோபத்திலும் இல்லை, அவர் எலும்பமைப்பே அப்படி. நம் மனம் அதைக் கோபத்தின் சாயலாகப் படித்து, 'இவர் முரடர்' என்று குணமாக்கிவிடுகிறது. வட்ட முகமும் பெரிய கண்ணும் கொண்ட பெரியவரைக் குழந்தைத்தனமானவர், கள்ளம் தெரியாதவர் என்று நினைப்பதும் இதே கதைதான். ஓர் இடத்தில் பயன்படும் அடையாளத்தை அதற்குச் சம்பந்தமில்லாத இடத்துக்கும் நீட்டுவதை உளவியலில் 'மிகைப் பொதுமைப்படுத்தல்' என்கிறார்கள். இதோடு, நாம் வளர்ந்த சூழலில் எந்த மாதிரி முகங்களை எந்த மாதிரி வேடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

தவறான தீர்ப்புதானே, அதனால் என்ன கெட்டுவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. 2005-ல் தோடோரோவும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க செனட் தேர்தல் வேட்பாளர்களின் படங்களை, அவர்களை யாரென்றே அறியாதவர்களிடம் காட்டி, இருவரில் யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். அப்படிச் சுட்டப்பட்டவரே ஏறத்தாழ 70 சதவீதத் தேர்தல்களில் வென்றிருந்தார். அவர் உண்மையிலேயே திறமைசாலியா என்பதற்கு இதில் பதில் இல்லை. முகத் தோற்றம் வாக்கு வரை வந்து நிற்கிறது என்பதற்குத்தான் இருக்கிறது.

சுருக்கமாக: முகத்தைப் பார்த்ததும் மனம் தானாக ஒரு முடிவு எடுக்கிறது. உணர்ச்சியைப் படிக்கும் திறமையைக் குணத்தைப் படிக்கவும் பயன்படுத்துகிறது. பலரும் ஒரே மாதிரிச் செய்வதால் அது உண்மை போலவே தோன்றுகிறது.

## முகத்தை அறிவியலாக்கப் பார்த்தவர்கள்

இந்தக் குழப்பம் ஒரு காலத்தில் மரியாதைக்குரிய படிப்பாகவே இருந்தது. சுவிட்சர்லாந்துப் பாதிரியார் யோகான் காஸ்பர் லாவாட்டர் 1775 முதல் 1778 வரை, முக அமைப்பை வைத்துக் குணம் சொல்லும் பெரிய படத்தொகுப்பை வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அதற்கு வாசகர்கள். அவர்களில் ஒருவர் 'பீகிள்' கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய். தன்னோடு பயணம் வர வந்த இளைஞரின் மூக்கைப் பார்த்து, இந்த மூக்குக்காரருக்குப் பயணத்துக்குத் தேவையான ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று அவர் சந்தேகப்பட்டார். அந்த இளைஞர் சார்லஸ் டார்வின். இதைப் பின்னால் எழுதிவைத்தவரும் அவரே. பயணம் 1831 கடைசியில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நடந்தது. மூக்கால் ஒரு குறையும் வரவில்லை.

பிரிட்டிஷ் அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் கதை இன்னும் விசித்திரம். 1870-களின் பிற்பகுதியில் அவர் கைதிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்தார். பல குற்றவாளிகளின் முகங்களை இப்படிக் கலந்தால் 'குற்றவாளி முகம்' தெளிவாக எழுந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. வந்ததோ தனித்தனி முகங்களைவிடச் சாதுவான, பார்க்க லட்சணமான ஒரு முகம். கொடூரமாகத் தெரிந்த தனித்தன்மைகள் மறைந்துவிட்டதைக் கால்டனே பதிவு செய்தார். ஆனாலும் மனிதர்களை இனம் பிரித்து வகைப்படுத்தும் ஆசையை அவர் விடவில்லை. 'இனமேம்பாடு' என்ற பெயரில் பின்னாளில் பெருங்கேடு விளைவித்த கொள்கைக்கு அடித்தளமிட்டவரும் அவர்தான். கையில் இருந்த படமே மறுத்துப் பேசியும் கேட்கவில்லை.

## ஒரே முகம், பல ஆட்கள்

இதுவரை 'முகம்' என்றே சொல்லிவந்தேன். சுவரில் தொங்குவது முகமில்லை, படம். இந்த வித்தியாசம் நினைப்பதைவிடப் பெரியது.

உளவியலாளர் ராப் ஜென்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் ஒரு சோதனை செய்தார்கள். நெதர்லாந்தில் பிரபலமான இருவரின் படங்கள், ஆளுக்கு 20, மொத்தம் 40 அட்டைகள். அந்த இருவரையும் அறியாத பிரிட்டன்காரர்களிடம் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. பலர் ஏழெட்டுக் குவியல்களாகப் பிரித்தார்கள். இருவரையும் அறிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு அது இரண்டே குவியல். வெளிச்சம், கோணம், முடி, உதட்டின் சின்ன அசைவு ஆகியவை மாறினாலே அறிமுகமில்லாத கண்ணுக்கு ஆள் மாறிவிடுகிறார். அப்படியிருக்க, ஒரே ஒரு படத்தைப் பார்த்து அவர் குணத்தைச் சொல்கிறோம்.

கேமராவுக்குப் பின்னால் இருப்பவருக்கும் இதில் பங்குண்டு. 2015-ல் கேனான் கேமரா நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை எடுத்த ஒரு காணொளி இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டியது. ஆறு புகைப்படக்காரர்கள், ஒரே மனிதர். ஒருவரிடம் அவர் சொந்த முயற்சியில் கோடீஸ்வரர் ஆனவர் என்றார்கள். மற்றவர்களிடம் உயிர் காப்பாற்றியவர், சிறை சென்று வந்தவர், மீனவர், எதிர்காலம் சொல்பவர், குடியிலிருந்து மீண்டவர் என்று ஆளுக்கொரு கதை. ஆறு பேரும் ஆறு வேறு மனிதர்களைப் படம் பிடித்துக் கொடுத்தார்கள். உண்மையில் அவர் ஒரு நடிகர். இது விளம்பரத்துக்காகச் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆறு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் காரணத்தைக் காட்டும் எடுத்துக்காட்டாக இது எனக்குப் பிடிக்கும். முன்கூட்டியே கேட்ட ஒரு வரி, விளக்கை எங்கே வைப்பது, எந்த நொடியில் பொத்தானை அழுத்துவது என்பது வரை போய்விடுகிறது.

## சார்பு என்றால் வெறுப்பா?

'சார்பு' என்றதும் பலர் தற்காப்புக்குப் போய்விடுகிறார்கள். நான் யாரையும் வெறுக்கவில்லையே என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சார்பு என்பது தீர்ப்பு ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்பச் சாய்வது. அதற்கு வெறுப்பு தேவையில்லை, நல்லெண்ணத்திலும் அது இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே இதைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருப்பவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைத் திறன், குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். ஒன்றில் அதிகம் வாங்கியவர் எல்லாவற்றிலும் அதிகம் வாங்கினார். உடற்கட்டு நன்றாக இருப்பவருக்கு அறிவும் நிறைய என்பது நம்பும்படியாக இல்லையே! ஒரு நல்ல அம்சத்தின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் விழுவதை 'ஒளிவட்ட விளைவு' என்கிறோம். அழகான முகத்துக்கு 'அன்பானவர்' என்று எழுதிய சீட்டும் சார்புதான். அதை எழுதியவருக்கு மனம் உறுத்தாது, அவ்வளவே வித்தியாசம்.

## கலை நுழையும் இடம்

இப்போது அந்தச் சுவருக்குத் திரும்பலாம். பங்கேற்பு உருவப்படக் கலை என்பது, கலைஞரைத் தவிர இன்னொருவர் ஏதாவது செய்தால்தான் முழுமை பெறும் உருவப்படம். செய்பவர் பார்வையாளராக இருக்கலாம், படத்தில் இருப்பவராகவும் இருக்கலாம். பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வது இதில் சேராது. உங்கள் செயல் படைப்புக்குள் ஒரு தடத்தை விட்டுச்செல்ல வேண்டும்.

சீட்டு எழுதச் சொல்வதன் காரணம் அந்தத் தடம்தான். வழக்கமாக உடனடித் தீர்ப்பு வந்த வேகத்திலேயே மறைந்துவிடும். பிறகு ஆளைப் பற்றி உண்மை தெரியும்போது, "நான் முதலிலேயே நினைத்தேன்" என்று நினைவைக்கூட மாற்றிக்கொள்வோம். காகிதத்தில் பென்சிலால் எழுதிய சொல் அப்படி மாறாது.

ஒரு சீட்டைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 'கலைந்த முடி, பொறுப்பில்லாதவர், இரவெல்லாம் விழித்திருப்பவர்' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடி கலைந்திருப்பது படத்தில் இருக்கிறது, யார் வந்தும் சரிபார்க்கலாம். பொறுப்பின்மை படத்தில் எங்கும் இல்லை. விழித்திருப்பது கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையிலிருந்து ஊகித்தது. அந்தக் கருமை மேலிருந்து விழுந்த விளக்கின் நிழலாகவும் இருக்கலாம். மூன்றையும் எழுதியவர் ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு, காற்புள்ளி மட்டும் போட்டு எழுதியிருக்கிறார். பார்த்தது எங்கே முடிந்து நாமாகச் சேர்த்தது எங்கே தொடங்குகிறது என்பது நமக்கே தெரியாமல் இருந்ததை அந்தச் சீட்டு வெளியே காட்டிவிடுகிறது. இந்த வகைக் கலை செய்யும் வேலை முழுக்க இதுதான் என்பேன்.

சீட்டுகளைப் பெட்டிக்குள் போடச் சொல்வதிலும் காரணம் உண்டு. சுவரில் திறந்தபடி ஒட்டினால், மூன்றாவதாக வருகிறவர் முகத்தைப் பார்க்கும் முன் முதல் இருவர் எழுதியதைப் படித்துவிடுவார். அப்புறம் வருவதெல்லாம் எதிரொலி.

சீட்டே இல்லாமல் இதைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். புகைப்படக் கலைஞர் ஜிம் கோல்ட்பெர்க் 1977 முதல் 1985 வரை சான் பிரான்சிஸ்கோவில் மலிவான விடுதி அறைகளில் இருந்தவர்களையும் வசதியான வீடுகளில் இருந்தவர்களையும் படம் பிடித்தார். அச்சிட்ட படத்தை அவர்களிடமே கொடுத்து, அதன்மேல் அவர்கள் கையாலேயே எழுத வைத்தார். கண் முதலில் அறையையும் உடையையும் முகத்தையும் பார்த்து முடிவுக்கு வந்துவிடும். கையெழுத்தைப் படிக்கச் சில நொடிகள் கூடுதலாக ஆகும். அந்தச் சில நொடிகளில்தான் மோதல். வறியவரின் எழுத்தில் எதிர்பாராத கம்பீரமும், செல்வந்தரின் எழுத்தில் எதிர்பாராத வெறுமையும் வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து இந்த வகையில் மிக நேர்மையான வழி இது. பார்வையாளரை யாரும் மாட்டிவிடவில்லை, படத்தில் இருப்பவருக்கும் பேச இடம் கிடைக்கிறது.

அமெரிக்கக் கலைஞர் கிப் ஃபுல்பெக் 2001-ல் தொடங்கிய திட்டமும் இதே திசையில் போகிறது. ஆசிய, பசிபிக் தீவுக் கலப்பு வம்சாவளியினர் அமெரிக்காவில் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, 'நீ என்ன ஆள்?'. அவர்களைக் கழுத்தெலும்புக்கு மேலே மட்டும், நகையும் கண்ணாடியும் இல்லாமல் படம் பிடித்து, அந்தக் கேள்விக்கான பதிலை அவர்களையே எழுத வைத்தார். உடை, அணிகலன் என்ற துப்புகளை எடுத்துவிட்டால் பார்க்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்கிறார் என்பது பளிச்சென்று தெரியும்.

ஜே.ஆர். என்ற பிரெஞ்சுக் கலைஞர், மார்கோ என்பவரோடு சேர்ந்து 2007-ல் தெருவுக்கே போனார். ஒரே தொழில் செய்யும் இஸ்ரேலியர், பாலஸ்தீனியர் முகங்களைப் பெரிதாக அச்சிட்டு, இரு தரப்புக்கும் நடுவே எழுப்பிய பிரிவினைச் சுவரிலும் இரு பக்கத்து நகரங்களிலும் ஜோடி ஜோடியாக ஒட்டினார்கள். யார் எந்தப் பக்கத்தவர் என்று கேட்டால் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார்.

சுருக்கமாக: மறைந்துபோகிற முதல் எண்ணத்தைப் பிடித்துவைத்து, படத்தில் இருப்பவரின் சொந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைப்பதே இந்தப் படைப்புகளின் பொதுவான முறை.

## இயந்திரமும் சீட்டு எழுதுகிறது

2019-ல் ஆய்வாளர் கேட் கிராஃபோர்டும் கலைஞர் டிரெவர் பாக்லனும் 'இமேஜ்நெட் ரூலெட்' என்ற இணையப் படைப்பை வெளியிட்டார்கள். ஒருவர் தன் படத்தை ஏற்றினால், கணினி அவரை ஒரு சொல்லால் வகைப்படுத்தியது. சிலருக்குச் சிரிப்பு வரும் பெயர், சிலருக்கு இனவெறியோ பெண் வெறுப்போ கொண்ட வசை. இயந்திரத்துக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுத்தர உருவாக்கிய 'இமேஜ்நெட்' தொகுப்பிலிருந்து. அதில் இந்தப் படத்துக்கு இந்தச் சொல் பொருந்துமா என்று தீர்மானித்தவர்கள், இணையத்தில் கூலிக்கு வேலை செய்த சாதாரண மனிதர்கள். முன்பின் தெரியாதவரின் படம், கையில் கொஞ்ச நேரம், ஒரு சொல். நம் சுவரில் நடந்த அதே பயிற்சிதான். என்ன, அங்கே அது விளையாட்டாக இல்லாமல் தரவாகிவிட்டது. அந்தப் பரபரப்பின்போது மனிதர்கள் உள்ள ஏறத்தாழ 6 லட்சம் படங்களை நீக்கப்போவதாக இமேஜ்நெட் குழு அறிவித்தது.

## பார்த்துவிட்டு வந்தால் சார்பு போய்விடுமா?

போகாது. ஒரு மாலை நேரம் ஒரு கூடத்தைச் சுற்றிவந்தால் பழக்கம் மாறும் என்று எந்தக் கண்காட்சியாவது விளம்பரம் செய்தால் நான் சந்தேகப்படுவேன். உங்கள் சார்பை 'அளந்து' சொல்வதாகச் சொன்னாலும் அப்படியே. 1998-ல் அறிமுகமான 'உள்ளுறைத் தொடர்புச் சோதனை' என்ற உளவியல் கருவி இதற்காகவே உருவானது. அதிலும் ஒரே ஆள் வெவ்வேறு நாள்களில் எழுதினால் மதிப்பெண் மாறுகிறது. தனி மனிதரின் நடத்தையை அது எவ்வளவு முன்னறிவிக்கும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அப்படியிருக்க, ஒரு பென்சில் சீட்டிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இந்த வகையிலேயே மட்டமான படைப்புகளும் உண்டு. பச்சை குத்திய முரட்டு உருவத்தைக் காட்டி, "இவர் ஒரு மருத்துவர்!" என்று திரை விலக்குவது அதில் அடங்கும். பார்வையாளர் இரண்டாவது படத்திலேயே சூத்திரத்தைப் பிடித்துவிடுவார், மூன்றாவதிலிருந்து தலைகீழாக ஊகிக்கத் தொடங்குவார். அதோடு, மதிப்பான வேலையில் இருப்பதால்தான் அவரைத் தவறாக எடைபோட்டது தப்பு என்ற விபரீதமான செய்தியும் உள்ளே வந்துவிடுகிறது. அவர் வேலையில்லாதவராக இருந்தால் பரவாயில்லையா?

பார்வையாளரைப் பற்றியே இவ்வளவு பேசுகிறோம். சீட்டில் எழுதியதெல்லாம் போய்ச் சேர்வது படத்தில் இருப்பவரிடம். முகம் தெரியாத பலர் தன்னைப் பற்றி எழுதிய கடுமையான சொற்களை அவர் படிக்க நேரலாம். அதனால் இப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்கள், படம் எடுக்கும் முன்பே அவரிடம் சீட்டு எழுதும் ஏற்பாட்டைத் திறந்து சொல்ல வேண்டும். சீட்டுகளைத் தனியாக முதலில் பார்க்க வேண்டுமா, பார்க்கவே வேண்டாமா, எவற்றைக் காட்சிக்கு வைக்கலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். இணையத்தில் போடுவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். பாதியில் மனம் மாறினால் சுவரில் இருக்கும் படத்தை அன்றைக்கே இறக்கிவிடலாம், பகிரப்பட்ட படத்தை யாராலும் திரும்ப வாங்க முடியாது.